காலியாக வராத ரயில்

“இல்லாத பெட்டிக்குள்ள இல்லாத துகள விட்டு எண்ணுறதுக்கா புள்ள பிளேன் ஏறப்போற?”

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் கேட்டது இது. இந்திய விசாவுக்கு வதிவிடச் சான்று வேண்டும் என்று அவர் மேசைக்கு முன்னால் நின்றிருந்தேன். எதற்காகப் போகிறாய் என்று கேட்டார். நான் கொஞ்சம் ஆர்வமாகவே விளக்கிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கையெழுத்தைப் போட்டு, முத்திரையைக் குத்தி, காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் கேட்டார். மனிதர் உண்மையிலேயே கவலைப்பட்டார். படித்த பிள்ளை வீணாகிவிடுமோ என்ற கவலை.

என் அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். அதில் எனக்கு நிறையப் பெருமை உண்டு. அதை அடக்கி வாசிக்க எனக்குத் தெரியாது.

கிளாக்கரிடம் நான் விளக்கியது இதுதான். அணுவுக்குள் கரு இருக்கிறது, கருவுக்குள் புரோட்டான், புரோட்டானுக்குள் குவார்க்குகள். இரண்டு காந்தங்களைத் தள்ளி வைத்தால் அவற்றின் இழுவை குறைந்துவிடும். இரண்டு குவார்க்குகளைத் தள்ளி இழுத்தால் குறையாது. ரப்பர் நாடாவைப் போல விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். ஏன் அப்படி என்பதைத் தாளில் கணக்குப் போட்டுத் தீர்க்க முடியவில்லை. அதனால் கணினியில் ஒரு சின்ன உலகத்தைச் செய்கிறோம். இடத்தையும் காலத்தையும் கட்டம் கட்டமாக வெட்டி, மூலைக்கு மூலை இணைக்கும் ஒவ்வொரு கோட்டிலும் சில எண்களை வைக்கிறோம். அந்த எண்களைக் குலுக்குகிறோம். குலுக்கியபின் ஒரு படம் எடுப்பதுபோல அளக்கிறோம். மறுபடி குலுக்கல், மறுபடி படம். ஆயிரக்கணக்கான படங்களின் சராசரியில் அந்த ரப்பர் நாடா தெரியும். இந்த வேலைக்கு லாட்டிஸ் என்று பெயர்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்கிறவர் யாரும் இல்லை. இணையத்தில் கிடைத்த விரிவுரைகளைப் பார்த்து, ஆய்வுக்கூடத்தில் ஒதுக்கிவைத்திருந்த ஒரு பழைய கணினியில் நானே நிரல் எழுதி ஓட்டினேன். குவார்க்குகளை எவ்வளவு தள்ளி வைத்தால் எவ்வளவு ஆற்றல் என்று தூரத்துக்கு ஒரு புள்ளியாக வரைந்தேன்; என் புள்ளிகள் நேர்கோடாக ஏறின. ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் ஒரு பிழைக்கோடு போடவேண்டும். உண்மை எவ்வளவு தூரம் தள்ளியிருக்கலாம் என்பதைக் காட்டும் கோடு அது. கோடு குட்டையாக இருந்தால் கணக்கு உறுதி என்று பொருள். என் பிழைக்கோடுகள் புள்ளிக்குள்ளேயே மறைந்துபோகும் அளவுக்குக் குட்டை. அந்த வரைபடத்தை மும்பையில் இதே வேலை செய்யும் ஒரு குழுவுக்கு அனுப்பினேன். அவர்களிடம் ஓர் ஆய்வு மாணவர் இடம் காலியாக இருந்தது. நேரில் வந்து பேசு, பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது.

அதற்காகத்தான் பிளேன் ஏறினேன்.

---

மும்பையில் நான் தங்கியது தாராவியில், மேரி அக்கா வீட்டில். எங்கள் ஊர்க் கோயிலில் இருக்கும் கன்னியாஸ்திரி ஒருவரின் தங்கை அவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், பிறந்தது தாராவியில். மஸ்ஜித் பந்தரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. கணவர் வளைகுடாவில் இருக்கிறார்.

சந்துக்குள் ஆட்டோ வராது. தெருமுனையில் இறங்கி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ளவேண்டிய வழியில் நடந்தோம். வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. மேலே போக இரும்பு ஏணி. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதி ஏறியபோது பெட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. மேரி அக்கா கீழிருந்து பெட்டியைத் தோளில் தாங்கிக்கொண்டார். “ஏட்டி, மலையில ஏறி எறங்குத புள்ளன்னு எங்க அக்கா சொன்னா. நீ என்ன ஏணியில நடுங்குத?”

மலை செங்குத்தாக இருப்பதில்லை, அக்கா என்றேன். அதற்குப் பிறகு நான் ஏணியில் கால் வைக்கும்போதெல்லாம் ‘மலை எறங்குதா’ என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொல்வார்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குச் சொதி என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் ஊரில் சொதி என்றால் தேங்காய்ப்பாலில் மஞ்சளும் பச்சைமிளகாயும் போட்டு நீர்த்தாற்போல் வைப்பது, இடியப்பத்துக்கு ஊற்றிக்கொள்வோம். மேரி அக்கா வைத்த சொதியில் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் என்று ஒரு காய்கறிக் கடையே மிதந்தது. சோற்றில் ஊற்றி, இஞ்சிப் பச்சடியும் சிப்ஸும் வைத்தார். எது உண்மையான சொதி என்று இருவரும் நீண்ட நேரம் வாதாடினோம். எங்கள் சொதி ஏழைச் சொதி என்று அவர் சொன்னார். உங்கள் சொதி சாம்பாராகப் போக நினைத்துப் பாதியில் நின்றது என்று நான் சொன்னேன். ஆனால் மூன்றாம் தடவையும் ஊற்றிக்கொண்டேன்.

தேநீர்தான் என்னால் தாங்க முடியாமல் போனது. காலையில் தெருமுனைக் கடையில் தேயிலையையும் பாலையும் சீனியையும் இஞ்சியையும் ஒன்றாகப் போட்டு, பொங்கப் பொங்க, அடங்க அடங்க, மறுபடியும் பொங்கவிட்டார்கள். அம்மா பார்த்திருந்தால் அழுதிருப்பார். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளுவது இதற்குத்தானா என்று இருந்தது. ‘கட்டிங்’ என்று அரை கிளாஸ் கொடுத்தார்கள். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

---

குழுவில் எனக்குத் துணையாக நியமிக்கப்பட்டவள் காயத்ரி. அங்கே ஆராய்ச்சி செய்கிற, என் வயதுப் பெண். வீடு மாட்டுங்காவில், குடும்பம் எப்போதோ பாலக்காட்டிலிருந்து வந்தது. தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்க வராது. கடைப் பெயர்ப்பலகையை நான் படிக்க, நீ ரொம்பப் படிச்சவ என்று கேலி செய்தாள்.

மாட்டுங்காவில் ஒரு பழைய சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து என் கணக்கைக் காட்டினேன். முன்பின் தெரியாத இருவர் எங்கள் மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அங்கே அதுதான் வழக்கமாம். இட்லி, அதன்மேல் நெய்யும் பொடியும், பக்கத்தில் டபராவில் காபி. நான் காபி குடித்து வளர்ந்தவள் அல்ல, ஆனால் அந்தக் காபியைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

காயத்ரி என் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். சர்வர் பில்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எழுந்திருங்கள் என்ற மாதிரி பக்கத்தில் நின்றார்.

“இவ்வளவு குட்டி எரர் பாரா? எங்க பெரிய மெஷின்லயே இப்படி வரல்லையேடி” என்றாள் காயத்ரி, என் பிழைக்கோடுகளைத் தொட்டுக் காட்டி.

எனக்குக் காது சூடாகும் அளவுக்குச் சந்தோஷம். இதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறாமை கூட இருக்கலாம் என்று நினைத்தேன். நான்கு நாடுகளுக்குப் போய்வந்த காயத்ரி, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளர்ந்த பெண்ணின் பழைய கணினியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்று ஏணியில் ஏறும்போது மேரி அக்காவிடம் சொல்லியும் விட்டேன்.

மறுநாள் செம்பூருக்குப் போய், குழு இருக்கும் ஆய்வு வளாகத்தைப் பார்த்துவந்தோம். செம்பூரைத் தாண்டியதும் மரங்கள் அடர்ந்த சாலை. நான் பேசவேண்டிய சிறிய அரங்கம். கண்ணாடிக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்த கணினி அறை. அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எங்கள் ஃபேக்டரி மாடியில் இலை வாட்டும் காற்றாடிகள் இதே சத்தத்தில்தான் இரையும். அப்பாவுக்கு அனுப்ப ஃபோனில் பதிவு செய்துகொண்டேன்.

குழுத் தலைவியை எல்லாரும் மேடம் என்றார்கள். மராட்டியர், அதிகம் பேசாதவர். என் பேச்சு நாளைக்கு மறுநாள் என்றும், அதை வைத்தே அந்த இடத்தை முடிவுசெய்வார்கள் என்றும் சொன்னார். இன்னொருவரும் விண்ணப்பித்திருக்கிறாராம். அவர் யார் என்று நான் கேட்கவில்லை. ராத்திரி முழுக்க யார் யார் என்று யோசித்தேன்.

திரும்பும்போது தனியாக வந்தேன். குர்லாவில் ரயில் மாற வேண்டும். சயானில் இறங்கினால் வீடு பக்கம். வந்து நின்ற வண்டியில் கூட்டமே ஏற்றிவிட்டது. சயான் வந்தது, போனது. மாட்டுங்கா வந்தது, போனது. நான் கதவுக்கு அருகில் நின்று இரண்டு ஸ்டேஷன்களுக்கும் கையசைக்காத குறை. அது ஃபாஸ்ட் வண்டி என்று தாதரில் தள்ளிவிடப்பட்ட பிறகுதான் தெரிந்தது. எங்கள் மலை ரயிலில், தண்டவாள ஓரத்தில் நடக்கிற தெரிந்தவர்களோடு குசலம் விசாரித்துக்கொண்டே போகலாம். இங்கே ஒரு ஊரின் பெயரைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடுகிறது.

---

பேச்சுக்கு முந்தைய நாள் எனக்கு வேலை இல்லை. கோட்டைப் பகுதியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஆபீஸ் விடும் நேரத்துக்கு விடி என்று எல்லாரும் சுருக்கிச் சொல்லும் பெரிய ஸ்டேஷனுக்கு வந்துவிடு என்றார் மேரி அக்கா. ஹார்பர் லைன் பிளாட்ஃபாரத்தில், லேடீஸ் டப்பா, அதாவது பெண்கள் பெட்டி, வந்து நிற்கிற இடத்தில் நிற்க வேண்டும். சுனாபட்டியில் இறங்கிச் சேர்ந்து வீட்டுக்கு நடந்துவிடலாம். “நான் ரிட்டன்ல வந்துருவேன்” என்றார். ரிட்டன் என்றால் வீட்டுக்குத் திரும்புவது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

விடியில் எனக்கு ஒரு திட்டம் இருந்தது. அதுதான் கடைசி ஸ்டேஷன். வருகிற வண்டி எல்லாரையும் இறக்கிவிட்டுக் காலியாகத்தான் கிளம்பவேண்டும். முதலில் ஏறினால் எனக்கு ஒரு ஜன்னல் சீட், அக்காவுக்கு ஒரு சீட். இத்தனை நாள் அவர் என்னைக் கேலி செய்ததற்கு ஒரு பதிலாகவும் இருக்கும். பிளாட்ஃபாரத்து ஓரத்தில் பெண்களோடு பெண்ணாக, தோள்பையை முன்னால் மாட்டிக்கொண்டு தயாராக நின்றேன்.

வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே பெண்கள் ஏறத் தொடங்கினார்கள். நான் நின்றபிறகே ஏறினேன். ஆனாலும் முன்வரிசையில்தான் ஏறினேன். உள்ளே போனால் பாதிக்கு மேல் சீட்டுகளில் ஆள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரத்தில் மேரி அக்கா, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடித்து உட்கார்ந்திருந்தார்.

“வா, வா. எனக்கு சீட்டு போட்டு வச்சிருக்கியா?”

நான் விழிப்பதைப் பார்த்து அந்த வரிசையே சிரித்தது. இவர்கள் எல்லாரும் விடிக்கு முந்தைய ஸ்டேஷன்களில் வேலை செய்கிறவர்கள். அங்கே நின்று வீட்டுப் பக்கம் போகிற வண்டியில் ஏற முயன்றால் கால் வைக்கக்கூட இடம் கிடைக்காது. அதனால் எதிர்த்திசையில், விடிக்கு வருகிற வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். வண்டி விடிக்கு வந்து, அப்படியே திரும்புகிறது. இவர்கள் இறங்குவதே இல்லை. இதற்குத்தான் ரிட்டன் என்று பெயர். இதற்காகவே மேரி அக்கா பாஸையும் விடி வரைக்கும் எடுத்திருக்கிறார்.

நான் அவர் முழங்காலுக்கு முன்னால் நின்றுகொண்டேன். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் கையை நீட்டி அக்காவின் தோளைத் தட்டி, நீ எங்கே இறங்குவாய் என்று இந்தியில் கேட்டார். அக்கா சுனாபட்டி என்றார். அப்படியானால் உன் சீட் எனக்கு, நான் சான்பாடா வரைக்கும் போகிறேன் என்றார் அந்தப் பெண். நான் முதலில் கேட்டுவிட்டேன் என்று இன்னொரு குரல் வந்தது. சிறிய வழக்கு ஒன்று நடந்து, சான்பாடாப் பெண்ணுக்கே தீர்ப்பானது. அவருக்குப் பின் அந்த சீட் யாருக்கு என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட்டார்கள்.

வண்டி நகர்ந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாளைக்குப் பேசவேண்டிய வரிகளை மனதுக்குள் ஓட்டினேன். ‘ஒவ்வொரு குலுக்கலுக்குப் பிறகும் ஒரு புதிய படம்’ என்ற வரி வந்தது.

அந்த வரியில் நின்றுவிட்டேன்.

விடியில் நிற்கும்போது நான் புதிய வண்டி வருகிறது என்றுதான் நினைத்தேன். முகப்புப் பலகை மாறியிருந்தது, போகும் திசை மாறியிருந்தது. உள்ளே இருந்தவர்கள் மாறவில்லை. மாறப்போகிற ஒன்றிரண்டு சீட்டுகளும் இப்போது இருப்பவர்களைக் கேட்டுத்தான் மாறுகின்றன. இந்த டப்பாவை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நான் படம் எடுத்து, வேறு வேறு டப்பாக்களைப் பார்த்தேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

என் கணினியில் நான் செய்தது அதுதான். ஒரு குலுக்கலில் எண்கள் கொஞ்சம்தான் அசையும். பல எண்கள் அசையவே அசையாது. அசைக்கப் பார்த்தாலும் நிரலில் உள்ள விதி அனுமதிக்காமல் பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். அடுத்த படம் முந்தைய படத்தின் சாயலிலேயே இருக்கும். நான் ஒவ்வொன்றையும் தனித்தனிச் சாட்சியாக எண்ணிவிட்டேன். ஒரே ஆளை ஆயிரம் தடவை கேட்டுவிட்டு ஆயிரம் பேர் சொன்னார்கள் என்று எழுதினால் பிழைக்கோடு குட்டையாகத்தான் இருக்கும்.

படங்களைத் தள்ளித் தள்ளி எடுக்கவேண்டும் என்று விரிவுரைகளில் கேட்டிருக்கிறேன். அது பெரிய கணினிக்காரர்களின் கவலை, என் சின்னக் கட்டத்தில் குலுக்கல் சீக்கிரம் பரவிவிடும் என்று நானே தீர்மானித்து, சோதித்துப் பார்க்காமல் விட்டிருந்தேன். பக்கத்தில் இதே வேலை செய்கிறவர் ஒருவர் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே கேட்டிருப்பார். காயத்ரி கேட்டது அதைத்தான். நான் அதைப் பொறாமை என்று ஏணியில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

“ஏட்டி, மொகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு? மூச்சு முட்டுதா?” என்றார் மேரி அக்கா. தன் சீட்டின் விளிம்பில் எனக்கு நான்காவது ஆளாக இடம் கொடுத்தார். சான்பாடாப் பெண் முறைத்தார்.

---

வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியைத் திறந்தேன். அக்கா கீழே மீன் கழுவிக்கொண்டிருந்தார். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. அடுத்தடுத்த படங்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, ஒரு கட்டின் சராசரியை ஒரே ஓர் அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். படங்கள் உண்மையில் தனித்தனி என்றால், கட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் பிழைக்கோட்டின் நீளம் மாறாது.

மாறியது. கட்டைப் பெரிதாக்கப் பெரிதாக்கக் கோடு வளர்ந்தது. குவார்க்குகள் நெருங்கியிருக்கும் புள்ளிகளில் ஓரளவு வளர்ந்து நின்றுவிட்டது, அவை தப்பித்தன. தூரத்துப் புள்ளிகளில் நிற்காமல் வளர்ந்துகொண்டே போனது. தூரத்தில்தான் ரப்பர் நாடா தெரியவேண்டும். இழுவை குறையவில்லை என்று நான் பெருமையாகச் சொல்ல இருந்தது அந்தப் புள்ளிகளை நம்பித்தான். இப்போது அந்தக் கோடுகளுக்குள் எதை வேண்டுமானாலும் வரையலாம். ரப்பர் நாடாவும் வரையலாம், காந்தமும் வரையலாம்.

அக்கா சோறு கொண்டுவந்து வைத்தார். என் அழுகையைப் பார்த்துவிட்டு, சொல்லு என்றார். டப்பாவையும் சீட்டையும் வைத்தே சொன்னேன். உடனே புரிந்துகொண்டார்.

“சரி, கோடு பெருசாப் போச்சு. நாளைக்கு அந்தப் பழைய படத்தயே காட்டேன். யாரு போயி எண்ணிப் பாக்கப்போறா?”

எண்ணிப் பார்க்கமாட்டார்கள் என்று எனக்கும் தோன்றியது. மேடம் அதிகம் கேள்வி கேட்பவர் அல்ல. காயத்ரி ஏற்கனவே கேட்டுவிட்டு விட்டுவிட்டாள். இன்னொரு விண்ணப்பதாரரின் கோடுகள் எப்படி இருக்குமோ தெரியாது. தோட்டத்துக்குத் திரும்பிப் போய், இடம் கிடைக்கவில்லை என்று சொல்லும்போது கிளாக்கரின் முகம் எப்படி இருக்கும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

“நான் எண்ணிட்டேனே அக்கா” என்றேன்.

அக்கா மீனின் நடுத்துண்டை என் தட்டில் வைத்தார். “அப்போ அழுதுட்டு இருக்காத. தின்னுட்டு அந்தக் கோட்ட ஒழுங்கா வரை.”

---

செம்பூர் அரங்கத்தில் குளிர் அதிகம். எங்கள் ஊர்க் குளிர் உடம்புக்குப் பழகியது; இந்த மெஷின் குளிரில் விரல் விறைத்தது. பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். முதலில் பழைய படத்தைக் காட்டினேன். சிலர் தலையாட்டினார்கள். அடுத்ததாகப் புதிய படத்தைக் காட்டினேன். தூரத்துப் புள்ளிகளின் கோடுகள் திரையின் மேல் விளிம்புவரை ஏறியிருந்தன. பின்வரிசையில் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது.

இதுதான் சரியான படம் என்றேன். நெருங்கிய புள்ளிகளுக்கு நான் பொறுப்பு. தூரத்துப் புள்ளிகளைப் பற்றி இப்போதைக்கு என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. இதற்கு எவ்வளவு நீளமான ஓட்டம் தேவை என்று கணக்கிட்டுக் காட்டினேன். என் பழைய கணினியில் அது நடக்காது என்பதையும் சொன்னேன்.

மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இதை எப்போது கண்டுபிடித்தாய்?”

“நேற்று சாயங்காலம். விடியில், ரிட்டனில் வந்த லேடீஸ் டப்பாவில்.”

அரங்கம் முழுக்கச் சிரிப்பு. அந்த ஊரில் இதை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஆண்களும் இதே வேலையைச் செய்வார்களாம். மேடம்கூடச் சிரித்தார். படிக்கிற காலத்தில் தானும் ரிட்டன் ஏறி உட்கார்ந்துதான் பாடம் படித்ததாகவும், இத்தனை வருடம் மாணவர்களுக்கு இதை எப்படி விளக்குவது என்று யோசித்தபோது அது ஞாபகத்துக்கு வரவில்லையே என்றும் சொன்னார்.

பேச்சு முடிந்ததும் காயத்ரி என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். “நான் அன்னிக்கே சொல்லிருக்கணும். நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தியா, எனக்கு வாய் வரல்லே” என்றாள். அடுத்த தடவை வாய் வரட்டும் என்றேன். இருவரும் கேன்டீனில் வடாபாவ் சாப்பிட்டோம். பன்னுக்குள் உருளைக்கிழங்கு வடையை வைத்துச் சாப்பிடும் யோசனை எங்கள் ஊரில் யாருக்கும் வராதது ஒரு குறைதான்.

மத்தியானம் மேடம் கூப்பிட்டார். இடத்தை அன்றைக்கே முடிவுசெய்யவில்லை. இன்னொருவரின் பேச்சு அடுத்த மாதம். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்த அந்தக் கணினியில் எனக்கு ஒரு பயனர் கணக்குத் திறந்துகொடுத்தார். எங்கிருந்தும் நுழையலாம். அந்த நீளமான ஓட்டத்தை ஓட்டு, தூரத்துப் புள்ளிகளைக் கொண்டுவா, அதையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறோம் என்றார். கதவைத் திறந்து வெளியே வந்தபோது, குழுவின் சந்திப்புகளில் வாராவாரம் இணையத்தில் கலந்துகொள், இனி தனியாக உட்கார்ந்து செய்யாதே என்று பின்னாலிருந்து சொன்னார்.

அன்று சாயங்காலம் நான் அக்காவின் ஆபீஸ் இருக்கும் மஸ்ஜித் பந்தருக்கே போய்விட்டேன். மேரி அக்காவோடு எதிர்த்திசை வண்டியில் ஏறி, விடிவரை போய், இறங்காமல் உட்கார்ந்தே திரும்பினேன். விடியில் ஒரு கல்லூரிப் பெண் ஓடிவந்து ஏறி, நிறைந்திருந்த சீட்டுகளைப் பார்த்து விழித்தாள். எங்கே இறங்குகிறீர்கள் என்று என்னைத்தான் முதலில் கேட்டாள். சுனாபட்டி என்று சொல்லி, என் சீட்டை அவளுக்கே எழுதிவைத்தேன்.

---

ஊருக்கு வந்து சில வாரங்கள் ஆகின்றன. எங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்காது; கோயில் வளைவுவரை ஏறிப்போக வேண்டும். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து மும்பைக் கணினிக்குள் நுழைகிறேன். அம்மா எனக்கு முன்பே மலைக்குப் போயிருப்பார். மேலே பெண்கள் நிரைபிடித்துக் கொழுந்து பறிப்பது தெரியும்.

ஓட்டத்தை இரண்டாகத் தொடங்கியிருந்தேன். ஒன்றில் எண்களையெல்லாம் ஒரே சீராக அடுக்கிவைத்தேன். மற்றதில் எல்லாவற்றையும் கண்டபடி கலைத்துவிட்டேன். இரண்டும் தம் தொடக்கத்தை மறந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தபிறகே அளக்கவேண்டும். காயத்ரி சொல்லித்தந்தது. தினமும் காலையில் இரண்டு ஓட்டங்களும் வரையும் கோடுகளைப் பார்ப்பேன். ஒன்று மேலிருந்து இறங்கும், ஒன்று கீழிருந்து ஏறும்.

போன வாரம் பெரிய கிளாக்கர் கோயில் வளைவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். ஃபோனை எட்டிப் பார்த்தார். “என்ன புள்ள, எண்ணி முடிச்சிட்டியா?”

“இல்லைங்க ஐயா. முன்ன எண்ணுனது தப்பு. திருப்பி எண்ணணும்.”

“தப்பா எண்ணினவளுக்கா அவ்வளவு பெரிய மெஷினைத் தந்தாங்க?”

ஆமாம் என்றேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு கோடுகளில் எது எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். காட்டினேன். இன்னும் சேரவில்லையே என்றார். சேரும் என்றேன். மறுநாளும் அதே நேரத்துக்கு அந்த வளைவில் வண்டி நின்றது.

நேற்றுக் காலை கோடுகள் சேர்ந்துவிட்டன. எவ்வளவு உற்றுப் பார்த்தும் எது எதிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதுவரை ஓடியதையெல்லாம் தள்ளிவிட்டு, இனி படத்துக்குப் படம் போதுமான இடைவெளி விட்டு அளக்கும்படி கட்டளை எழுதினேன். காயத்ரிக்கு அனுப்பினேன், ஒரு வரியைத் திருத்தி அனுப்பினாள். மேலே கொழுந்து நிறுக்க அழைக்கும் குரல் கேட்டபோது, கல்லில் உட்கார்ந்தபடியே அதை ஓடவிட்டேன்.